உப்பு போகும் வழியே தண்ணீர்

1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து பேட்டில் கிரீக் நகரில், ஹியூ காங்க்ளின் என்ற வைத்தியர் வலிப்பு நோய்க்குப் பட்டினி வைத்தியம் செய்துகொண்டிருந்தார். குடலில் ஊறும் ஏதோ ஒரு நஞ்சு ரத்தத்தில் கலந்துதான் வலிப்பாக வெளிப்படுகிறது என்பது அவர் கட்சி. குடலுக்கு ஓய்வு கொடுத்தால் நஞ்சு வற்றிவிடும். ஆகவே நோயாளிக்கு வாரக்கணக்கில் தண்ணீர் மட்டும். காரணம் தப்பு. ஆனால் பல பிள்ளைகளுக்கு வலிப்பு நிஜமாகவே குறைந்தது.

நியூயார்க்கின் வசதியான வழக்கறிஞர் சார்லஸ் ஹௌலண்ட் தம் மகனுக்கும் இந்த வைத்தியத்தைச் செய்வித்தார். அவருடைய சகோதரர் ஜான் ஹௌலண்ட், பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் குழந்தை மருத்துவப் பேராசிரியர். பட்டினி எப்படி வேலை செய்கிறது என்று ஆராயச் சொல்லி, சார்லஸ் அவரிடம் 5,000 டாலர் கொடுத்தார். அந்த ஆராய்ச்சி ஜேம்ஸ் கேம்பிள் என்ற இளம் மருத்துவரின் கைக்கு வந்தது.

கேம்பிளுக்கு நேரமும் தோதாக அமைந்தது. சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கொஞ்சம் மாதிரியிலேயே அளந்துவிடும் வேதிமுறைகள் அப்போதுதான் வந்திருந்தன. அவற்றை உருவாக்கியவர்களில் ஒருவரான ஃபிரடெரிக் டிஸ்டால் அவர் குழுவிலேயே இருந்தார். வலிப்புக்காகப் பட்டினி கிடந்த குழந்தைகளின் சிறுநீரை நாள்தோறும் சேகரித்து, அதில் எவ்வளவு உப்பு வெளியேறுகிறது என்று கணக்கெடுத்தார்கள். 1923-இல் வெளியான அந்த ஆய்வு, வலிப்பு ஏன் குறைகிறது என்ற கேள்விக்குப் பதில் தரவில்லை. வேறொன்றைக் காட்டியது. பட்டினியின் முதல் நாட்களில் சோடியம் கொட்டுகிறது. அதைத் தொடர்ந்து, செல்களுக்குள் இருக்கும் பொட்டாசியமும் கரைகிறது. எவ்வளவு உப்பு போகிறதோ அந்த அளவுக்கு உடம்பு தண்ணீரையும் விட்டுவிடுகிறது.

இன்று கீட்டோ உணவுமுறையைத் தொடங்கும் ஒருவர், முதல் வாரக் கடைசியில் எடைமெஷினில் ஏறி மூன்று கிலோ குறைந்திருப்பதைப் பார்த்துப் பூரித்துப்போகிறார். பத்தாம் நாள் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டு நடுராத்திரியில் அலறுகிறார். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அது வெளியாகி நூறு வருஷம் ஆகிறது. ஆனாலும் சதை பிடித்தவர், முந்தின நாள் என்ன சாப்பிட்டோம் என்று தட்டைத்தான் யோசிக்கிறார். சிறுநீரகம் அவர் நினைவுக்கே வருவதில்லை.

முதலில் கீட்டோவின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன்களைத் தயாரிக்கிறது. கொழுப்பை மட்டும் நிறையக் கொடுத்து மாவுச்சத்தை நிறுத்தினாலும் அதே கீட்டோன்கள் வரும் என்று 1921-இல் மேயோ கிளினிக்கின் ரஸ்ஸல் வைல்டர் எழுதினார். 1925-இல் அதே கிளினிக்கின் மைனி பீட்டர்மேன் குழந்தைகளுக்கான அளவை வகுத்தார்: ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிராம் புரதம், நாளுக்கு 10 முதல் 15 கிராம் மாவுச்சத்து, மீதி முழுக்கக் கொழுப்பு. 1938-இல் ஃபினைட்டாயின் என்ற வலிப்பு மாத்திரை வந்தபின் இந்த உணவுமுறை மெல்ல மறக்கப்பட்டு, 1990-களில் மறுபடி எழுந்தது. எடை குறைக்கும் உணவாகப் பின்னர் உலகம் முழுக்கப் பரவியபோது, தமிழ்நாட்டுக்குப் பெரும்பாலும் ‘பேலியோ’ என்ற பெயரில் ஃபேஸ்புக் குழுக்கள் வழியாக வந்து சேர்ந்தது. நாளுக்கு 20 முதல் 50 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான கணக்கு. ஒரு கப் சோற்றிலேயே ஏறக்குறைய 45 கிராம் வந்துவிடும் என்பதால், அரிசியைத் துறப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது.

அரிசியை நிறுத்தியதும் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. கல்லீரலில் நூறு கிராமும் தசைகளில் நானூறு கிராமுமாக உடம்பு கிளைகோஜன் என்ற சர்க்கரைக் கையிருப்பை வைத்திருக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் குறைந்தது மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கையிருப்பு கரையக் கரைய அந்தத் தண்ணீரும் விடுபடுகிறது. ஒன்றிரண்டு கிலோ இப்படியே போய்விடும்.

இரண்டாவதுதான் முக்கியம். ஆரோக்கியமான சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் கரைந்திருக்கும் உப்பு சுமார் ஒன்றரைக் கிலோ! நாம் சாப்பிடுவதோ சில கிராம். ஆக, வடிகட்டிய உப்பில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்ப உறிஞ்சிக்கொள்வதுதான் சிறுநீரகத்தின் அன்றாட வேலை. இந்த உறிஞ்சுதலுக்கு உத்தரவு கொடுப்பவற்றில் இன்சுலினும் ஒன்று. 1975-இல் ரால்ஃப் டிஃபிரான்சோவும் சகாக்களும் ஆரோக்கியமான மனிதர்களுக்கு இன்சுலினை ஏற்றிப் பார்த்தார்கள். ரத்தச் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொண்டபோதும், சிறுநீரில் போகும் சோடியம் குறைந்தது. இதைத் திருப்பிப் போட்டால் கீட்டோவின் முதல் வாரம். மாவுச்சத்து இல்லை, இன்சுலின் தாழ்கிறது, சிறுநீரகம் பிடியைத் தளர்த்துகிறது, உப்பு போகிறது, அதன் பின்னே தண்ணீரும். போதாததற்குக் கீட்டோன்கள் எதிர்மின்சுமை கொண்டவை. சிறுநீரில் இறங்கும்போது சோடியத்தையோ பொட்டாசியத்தையோ துணைக்குக் கூட்டிக்கொண்டுதான் போகும்.

போகும் எடையில் தண்ணீர் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்றும் பார்த்திருக்கிறார்கள். 1976-இல் நியூயார்க்கில் யாங், வான் இட்டாலி என்ற இருவர் உடல் பருமன் உள்ள ஆறு பேருக்கு 800 கலோரி கொண்ட கீட்டோ உணவைப் பத்து நாளும், அதே 800 கலோரி கொண்ட சாதாரணக் கலவை உணவைப் பத்து நாளும் கொடுத்தார்கள். கீட்டோவில் நாளுக்கு சுமார் 467 கிராம் எடை குறைந்தது. கலவை உணவில் 278 கிராம். கேட்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் கீட்டோவில் போனதில் 61 சதவீதம் தண்ணீர். மற்றதில் 37 சதவீதம். கொழுப்பை மட்டும் கணக்கிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்று.

இதனால் கீட்டோ வெறும் மோசடி என்றாகிவிடாது. தண்ணீர் ஒருமுறைதான் போகும். மாதக்கணக்கில் குறைவது கொழுப்புதான். ஆனால் தீபாவளிக்கு இரண்டு நாள் லட்டும் முறுக்கும் சாப்பிட்டு, மூன்றாம் நாள் இரண்டு கிலோ கூடிவிட்டதே என்று இடிந்துபோகிறவர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. இன்சுலின் ஏறியதும் சிறுநீரகம் மறுபடி உப்பைப் பிடிக்கிறது. கூடியது பெரும்பாலும் உப்புத் தண்ணீர்.

‘கீட்டோ காய்ச்சல்’ என்று சொல்லப்படும் தொல்லைகளில் காய்ச்சல் கிடையாது. தலைவலி, சோர்வு, எழுந்து நின்றால் கிறுகிறுப்பு, படபடப்பு, சதைப்பிடிப்பு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 120 பேரை வைத்து 24 வாரம் நடந்து, 2004-இல் வெளியான ஆய்வு இவற்றை எண்ணியே காட்டுகிறது. மிகக் குறைந்த மாவுச்சத்து உண்டவர்களில் 60 சதவீதம் பேருக்குத் தலைவலி. குறைந்த கொழுப்பு உண்டவர்களில் 40. சதைப்பிடிப்பு 35-க்கு 7. உடல் தளர்ச்சி 25-க்கு 8. மலச்சிக்கல் 68-க்கு 35. எடை என்னவோ கீட்டோ பக்கம்தான் அதிகம் குறைந்தது. அதற்கு இந்த விலையும் கொடுக்க வேண்டியிருந்தது.

சோடியம் குறையும்போது உடம்பு சும்மா இருப்பதில்லை. அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனைக் கூட்டுகிறது. அது சோடியத்தைப் பிடித்து நிறுத்தும். பதிலுக்குப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். சமையல் உப்பைக் குறைத்தவருக்குப் பொட்டாசியமும் இறங்குவது இப்படித்தான். கீட்டோவில் இருப்பவருக்குச் சதை பிடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் ‘தண்ணி நிறையக் குடிங்க’ என்பார். உப்பில்லாமல் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்தால், இருக்கிற சோடியமும் நீர்த்துப்போகும். அடுத்தவர் இளநீர் வாங்கிக் கொடுப்பார். அதில் பொட்டாசியம் உண்டு, சர்க்கரையும் உண்டு. குறைந்துபோன சோடியமோ சொற்பம். மருந்துக்கடை ஓஆர்எஸ் பொட்டலத்தில் உப்பு சரியாக இருக்கிறது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ். ஒரு நாள் மாவுச்சத்தே 20 கிராம் என்று வைத்திருப்பவருக்கு அதில் பெரும்பகுதி. நிஜமாகவே பேதியாகி உடம்பு வற்றினால் கணக்கெல்லாம் பார்க்காமல் ஓஆர்எஸ்தான் குடிக்க வேண்டும். கீட்டோவை மறுவாரம் பார்த்துக்கொள்ளலாம். அன்றாடத்துக்கு உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர், நன்றாக நீர்விட்ட மோர், எலும்பு சூப் போதும்.

எவ்வளவு உப்பு என்பதில்தான் தகராறு. ஒரு தேக்கரண்டி உப்பில் இரண்டு கிராமுக்குச் சற்று மேல் சோடியம் இருக்கிறது. பொதுமக்களுக்கு நாளுக்கு 5 கிராம் உப்புக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கீட்டோ ஆய்வில் பல பத்தாண்டுகள் செலவிட்ட ஸ்டீவன் ஃபின்னி போன்றவர்கள் 5 கிராம் சோடியம் வரை போகலாம் என்கிறார்கள்; உப்பாகச் சொன்னால் 12 கிராமைத் தாண்டும். இரண்டும் வேறு வேறு உடல்நிலைகளுக்கான அறிவுரைகள். இன்சுலின் தாழ்ந்து சிறுநீரகம் உப்பை விட்டுக்கொண்டிருக்கும் ஆரோக்கியமான ஆளுக்குப் பின்னது பொருந்தலாம். மதியம் கறி மட்டும் தின்றுவிட்டு இரவு பரோட்டாவில் இறங்குகிற அரைக் கீட்டோக்காரருக்குப் பொருந்தாது. ரத்த அழுத்தம், இதயத் தளர்ச்சி, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இணையத்தைப் பார்த்து உப்பை அள்ளிப் போடுவது ஆபத்து. சோடியம் குறைந்த, பொட்டாசியம் கலந்த உப்பு வகைகள் சிறுநீரகம் கெட்டவருக்கு இன்னும் ஆபத்து. இதயத் துடிப்பையே குலைத்துவிடும். இந்துப்பைப் பற்றி எழுதப்படும் புகழ்மாலைகளும் அதிகப்படி. அதுவும் பெரும்பங்கு சோடியம் குளோரைடுதான். அயோடின் சேர்க்காத இந்துப்பை மட்டுமே வைத்துச் சமைக்கிற வீட்டில் தைராய்டுக்கு வேண்டிய அயோடினும் குறையும்.

உப்புகளை அலட்சியம் செய்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு 1970-களின் அமெரிக்காவில் ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. 1976-இல் ராபர்ட் லின் எழுதிய எடைக் குறைப்புப் புத்தகம் ஒன்று பரபரப்பாக விற்றது. மாட்டுத் தோல் போன்ற கழிவிலிருந்து எடுத்த கொலாஜனைத் திரவமாக்கி, நாளுக்குச் சில நூறு கலோரி அளவில் அதை மட்டும் குடிப்பதுதான் திட்டம். லட்சக்கணக்கானவர்கள் குடித்தார்கள். அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட மரணங்கள் பதிவாயின. முன்பு இதய நோய் இல்லாத பெண்கள்கூட இதயத் துடிப்பு தாறுமாறாகி இறந்தார்கள். தரமில்லாத புரதம், பொட்டாசியம் போன்ற தாதுக்களின் பற்றாக்குறை, கடும் பட்டினி எல்லாம் கூட்டுக் குற்றவாளிகள். முட்டை, கறி, கீரை என்று வயிறாரச் சாப்பிடும் கீட்டோவை அதோடு ஒப்பிடக் கூடாதுதான். ஆனால் கீட்டோவோடு பட்டினியையும் சேர்த்து, இரண்டு நாளுக்கு ஒரு வேளை உண்டு, வெறும் தண்ணீரும் கறுப்புக் காபியுமாக ஓட்டுகிறவர்கள் அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

இனி வயிறு.

1928-இல் ஆர்க்டிக் பயணி வில்ஹியால்மர் ஸ்டெஃபான்சன் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் சேர்ந்தார். நோய் ஒன்றும் இல்லை. எஸ்கிமோ மக்களோடு வருஷக்கணக்கில் மாமிசம் மட்டும் தின்று நன்றாக இருந்ததாக அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. மருத்துவர்கள் கண்ணெதிரே தின்று காட்ட வந்தார். கூடவே பயணத் தோழர் கார்ஸ்டன் ஆண்டர்சன். யூஜீன் டுபுவா தலைமையிலான குழு ஸ்டெஃபான்சனுக்கு முதலில் கொழுப்பில்லாத கறியை மட்டும் கொடுத்தது. சில நாளிலேயே வயிற்றுப்போக்கும் இனம்புரியாத உடல் உபாதையும் வந்து படுத்துவிட்டார். கொழுப்புள்ள கறியும், பன்றிக் கொழுப்பில் வறுத்த மூளையும் கொடுத்ததும் தெளிந்தார். அதன்பின் ஓராண்டு இருவரும் மாமிசம் மட்டுமே உண்டார்கள். கலோரியில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கொழுப்பிலிருந்து வந்தது. இருவருக்கும் பெரிய கேடு எதையும் மருத்துவர்கள் காணவில்லை.

இரண்டே ஆட்கள், அதிலும் பழகியவர்கள். இதை வைத்து எல்லோருக்கும் சட்டம் எழுத முடியாது. ஆனால் ஒரு விஷயம் தெளிவு. ‘கோழி நெஞ்சுக்கறியும் முட்டை வெள்ளைக்கருவும் மட்டும்’ என்று கீட்டோவைத் தொடங்குகிறவர், ஸ்டெஃபான்சன் முதல் வாரத்தில் பட்ட பாட்டையே விலைகொடுத்து வாங்குகிறார்.

கொழுப்பு செரிக்கப் பித்தநீர் வேண்டும். கல்லீரல் நாளெல்லாம் அதைச் சுரந்து பித்தப்பையில் சேர்த்து வைக்கிறது. கொழுப்பு சிறுகுடலைத் தொட்டதும் பித்தப்பை சுருங்கி அதைக் கொட்டுகிறது. வந்த வேலை முடிந்ததும் சிறுகுடலின் கடைக்கோடியில் பித்த அமிலங்களில் 95 சதவீதம் திரும்ப உறிஞ்சப்படுகிறது. நேற்று வரை இட்லி சாப்பிட்ட வயிற்றில் இன்று திடீரென்று மூன்று மடங்கு கொழுப்பை இறக்கினால் இந்த ஏற்பாடு திணறுகிறது. உறிஞ்சப்படாத பித்த அமிலமும் செரிக்காத கொழுப்பும் பெருங்குடலுக்குப் போய் அங்கே தண்ணீரை இழுத்து வைக்கின்றன. பேதிதான். வழி எளிது: கொழுப்பை ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுவது. பித்தப்பையை அறுவை செய்து எடுத்தவர்களுக்கும் இதுவே பொருந்தும். அவர்களுக்குப் பித்தநீர் சேமிப்பில்லாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். பித்தப்பையில் கல் இருப்பது தெரிந்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நெய்ப் பாத்திரத்தைத் திறக்க வேண்டாம்.

எம்சிடி எண்ணெய், அதாவது விரைவாகக் கீட்டோனாகும் கொழுப்பு அமிலங்களாலான எண்ணெய், இன்னொரு வயிற்றுக் கலக்கி. 1971-இல் பீட்டர் ஹட்டன்லாக்கர் வலிப்புக் குழந்தைகளுக்காக, கலோரியில் 60 சதவீதத்தை இந்த எண்ணெயிலிருந்து கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். கீட்டோன் நன்றாக வந்தது. கூடவே வயிற்றுவலியும் பேதியும். ஆக்ஸ்போர்டில் பிற்பாடு அதை 30 சதவீதமாகப் பாதியாக்க வேண்டியிருந்தது. காலையில் காபியில் மூன்று கரண்டி ஊற்றிக் குடித்துவிட்டுப் பேருந்து ஏறுகிறவர்கள் இதை யோசிக்கலாம். தேங்காய் எண்ணெயும் அதுவும் ஒன்று என்ற நினைப்பும் சரியல்ல. விரைவாகக் கீட்டோனாகும் இரண்டு கொழுப்பு அமிலங்கள் தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 15 சதவீதம்தான். ‘சுகர் ஃப்ரீ’ சாக்லேட்டில் இருக்கும் மால்டிட்டால், சார்பிட்டால் போன்றவையும் செரிக்காமல் பெருங்குடலில் புளித்து வாயுவையும் பேதியையும் கிளப்பும். எரித்ரிட்டால் மட்டும் பெரும்பாலும் ரத்தத்தில் ஏறி, சிறுநீரில் அப்படியே வெளியேறிவிடும்.

ஆனால் நிறையப் பேருக்கு நீடிக்கும் தொல்லை பேதி இல்லை, மலச்சிக்கல். இங்கேதான் சிறுநீரகமும் குடலும் சந்திக்கின்றன. குடித்ததும் சுரந்ததுமாக நாளுக்கு ஒன்பது லிட்டர் திரவம் குடலில் இறங்குகிறது. மலத்தில் வெளியேறுவது நூறு, இருநூறு மில்லிதான். உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் பெருங்குடல் மிச்சத்தையும் கறந்துவிடும். தானியமும் பருப்பும் பழமும் போனதால் தண்ணீரைப் பிடித்து நிற்க நார்ச்சத்தும் இல்லை. தமிழ்நாட்டுப் பேலியோக்காரர்களின் ‘நூறு பாதாம்’ காலையுணவை வெளியார் கேலி செய்வதுண்டு. ஆனால் நூறு கிராம் பாதாமில் 12 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும், 250 மில்லிகிராமுக்கு மேல் மக்னீசியமும் உண்டு. மலச்சிக்கலோடு மல்லுக்கட்டுகிறவர் அதை விட்டுவிட்டு ஆம்லெட்டுக்கு மாறினால் நிலைமை மோசமாகும். வெண்டை, முட்டைகோஸ், கீரை எல்லாம் கீட்டோவுக்குள் அடங்குபவை. இசப்கோல் எடுத்தால் ஒரு தம்ளர் தண்ணீரோடு எடுக்க வேண்டும்; தண்ணீரில்லாத இசப்கோல் அடைப்பைக் கூட்டும்.

குடல் நுண்ணுயிர்களும் மாறுகின்றன, அதுவும் சடுதியில். 2014-இல் லாரன்ஸ் டேவிட், பீட்டர் டர்ன்பா ஆகியோர் தன்னார்வலர்களுக்கு ஐந்து நாள் கறி, முட்டை, பாலாடைக்கட்டி மட்டும் கொடுத்தார்கள். உணவு பெருங்குடலை எட்டிய ஓரிரு நாளிலேயே பித்தநீரைத் தாங்கும் நுண்ணுயிர்கள் பெருகின. தாவரநாரைச் சிதைப்பவை குறைந்தன. 17 ஆண்களைக் கீட்டோவில் வைத்துப் பார்த்து 2020-இல் வெளியான இன்னொரு ஆய்வில் பிஃபிடோபாக்டீரியா குறைந்தது. வருஷக்கணக்கில் இதனால் நல்லதா கெட்டதா என்று அடித்துச் சொல்லும் காலம் இன்னும் வரவில்லை.

சிறுநீரகக் கல் விஷயத்தில் நிலைமை தெளிவு. ஒரு காலத்தில் கீட்டோ சிகிச்சையில் இருந்த குழந்தைகளுக்குத் தண்ணீரைக் கட்டுப்படுத்தினார்கள். உடம்பு சற்று வற்றி இருந்தால் வலிப்பு வராது என்று நம்பினார்கள். சான்றில்லாத இந்த வழக்கம் பல பத்தாண்டுகள் ஓடியது. இப்போதைய சர்வதேசப் பரிந்துரைகள் அதைக் கைவிட்டுவிட்டன. அமிலம் கூடிய, அடர்த்தியான சிறுநீரில் யூரிக் அமிலமும் கால்சியமும் கல்லாகப் படிகின்றன. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சுமார் 6.7 சதவீதக் குழந்தைகளுக்குக் கல் வந்துகொண்டிருந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் முன்கூட்டியே பொட்டாசியம் சிட்ரேட் கொடுக்கத் தொடங்கியதும் அது 0.9 சதவீதமாக இறங்கியதாக 2009-இல் எழுதினார்கள். ஏற்கெனவே கல் வந்தவர் பாதாமையும் பசலைக்கீரையையும் அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. இரண்டிலும் ஆக்சலேட் அதிகம்.

கடைசியாக, மாத்திரைகள். ரத்த அழுத்தத்துக்கு நீர்பிரிக்கும் மாத்திரை போடுகிறவர் கீட்டோவுக்கு மாறினால், ஒரே திசையில் இரண்டு பேர் இழுக்கிறார்கள். அழுத்தம் சரிந்து குளியலறையில் மயங்கி விழலாம். இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ போடுகிறவருக்குத் தாழ்சர்க்கரை வரும். எல்லாவற்றையும்விடக் கவனமாக இருக்க வேண்டியது டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை. சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளும் இந்த மாத்திரைகளில் டாபாகிளிஃப்ளோசின், 2020-இல் காப்புரிமை முடிந்ததிலிருந்து இந்தியாவில் மலிவாகக் கிடைக்கிறது. இவை கீட்டோன்களைக் கட்டுமீறி ஏற்றி ரத்தத்தை அமிலமாக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இல் எச்சரித்தது. மாவுச்சத்தை அறவே நிறுத்துவது அந்த அபாயத்தைக் கூட்டும். அப்போது குளுக்கோமீட்டரில் சர்க்கரை 150, 180 என்று சாதுவாகவே காட்டலாம். ஆகவே இந்த மாத்திரை போடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கீட்டோவைத் தொடங்க வேண்டாம். தொடங்கியபின் வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது என்று எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கீட்டோ உணவில் இருப்பதையும் மாத்திரையின் பெயரையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.